அப்பாயி கையில் ரிமோட்

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி உங்களையெல்லாம் சிரிக்க வைத்துவிட்டு, "இந்த ஆள் என்ன பேசிவிடப் போகிறார்" என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே குடியிருந்தாலும் மனசில் ஒரு வளைவும் இல்லாத கொல்லிமலைப் பெருமக்களே! தாய்மார்களே!

மாதச் சந்தாவை நிறுத்திய வீட்டுக்கு ஏற்றது கூரைமேல் வைக்கிற இலவச டிஷ்ஷா, இணையத் தொலைக்காட்சியா? இதுதான் தலைப்பு. டிஷ்ஷே என்று பேச வந்திருக்கிறேன்.

ஐயா, இந்தத் தலைப்பைப் பேச இந்த மலையை விட்டால் வேறு இடம் கிடையாது. ஏன் தெரியுமா? உலகத்தின் முதல் டி.வி. இங்கேதான் இருந்தது! (சிரிப்பு) சிரிக்காதீர்கள். சங்க இலக்கியத்தில் கொல்லிப்பாவை என்று ஒன்று வருகிறது. பூதம் செய்து வைத்த பாவை. காற்றடித்தாலும் மழையடித்தாலும் அழகு குறையாது. பார்த்துச் சிரிக்குமாம். அந்தச் சிரிப்பில் மயங்கிக் கிட்டே போனவன் திரும்பி வரமாட்டானாம். இப்போது சொல்லுங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்தவன் சாப்பாட்டுக்காவது திரும்பி வருகிறானா? (கைதட்டல்)

அந்தப் பாவைக்கும் இந்தப் பாவைக்கும் ஒரே ஒரு வித்தியாசம். அது மாதா மாதம் காசு கேட்கவில்லை!

சந்தா எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டு 15-ல் தொடங்கியது. கூரையில் அலுமினிய ஆன்டெனா. அதைத் திருப்ப ஒரு பையன். "வந்துருச்சா, வந்துருச்சா" என்று ஒரு குரல். செலவு அவ்வளவுதான். 1993-ல் தமிழில் தனியார் சேனல் வந்தது. தெருவுக்குத் தெரு கேபிள் வந்தது. 2011-ல் அரசு கேபிள் மாதம் எழுபது ரூபாய்க்குத் தந்தது. 2019 பிப்ரவரியில் புது விதி. நூறு சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரி தனி. அதுக்கு மேலே கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. காரவள்ளியிலிருந்து மேலே ஏறுகிறபோதாவது வளைவுக்கு நம்பர் போட்டிருக்கிறான், எத்தனை பாக்கி என்று எண்ணிக்கொள்ளலாம். இந்தப் பேக்கேஜில் எத்தனை வளைவு என்று எவனுக்காவது தெரியுமா? (சிரிப்பு)

வரவு சிறியதாக இருந்தாலும் கேடில்லை, செலவு பெருகாமல் இருந்தால் போதும் என்கிற கருத்தை வள்ளுவர் சொன்னார். மாதம் 250 ரூபாய் என்று வையுங்கள். வருஷத்துக்கு 3,000. ஐந்து வருஷத்துக்கு 15,000. மிளகும் காப்பியும் விற்றுப் பிழைக்கிற வீட்டுக்கு அது சின்னக் காசா? ஆகவே சந்தாவை நிறுத்தினது சரி. அதில் எதிரணிக்கும் எனக்கும் சண்டை இல்லை.

சண்டை எங்கே? நிறுத்தினது யார், இழந்தது யார் என்பதில்தான்.

நிறுத்தினது மகன். அவன் திருப்பூரில் இருக்கிறான். கையில் செல்போன் இருக்கிறது. பேரனுக்கும் போன் இருக்கிறது. சந்தா நின்றதே அவர்களுக்குத் தெரியாது. இழந்தது யார்? திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அப்பாயி! காலையில் ஒரு பக்திப் பாட்டு, மத்தியானம் ஒரு பழைய படம், ராத்திரி செய்தி. பகலெல்லாம் அந்த வீட்டில் கேட்கிற மனிதக் குரல் அது ஒன்றுதான். அதை நிறுத்திவிட்டு, "அதான் இன்டர்நெட் இருக்கே" என்கிறீர்களே, யாருக்கு இருக்கு? (பலத்த கைதட்டல்)

எதிரணித் தம்பி சொன்னார், "ஸ்மார்ட் டி.வி.யில் உலகமே இருக்கிறது" என்று. இருக்கிறது தம்பி. உள்ளே போகச் சாவி யாரிடம் இருக்கிறது? முதலில் வைஃபை, பிறகு கடவுச்சொல், பிறகு போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைப் பார்க்கக் கண்ணாடி தேட வேண்டும், கண்ணாடி கிடைப்பதற்குள் நம்பர் காலாவதி! (சிரிப்பு) இந்தச் செம்மேட்டில் சிலையாக நிற்கிறானே வல்வில் ஓரி, அவன் என்ன செய்தான்? ஒரே அம்பு. யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பு. ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூறு பேசுகிறது. நம் வீட்டுப் பெரியவரோ மூன்று ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒரு சேனலை வீழ்த்த முடியவில்லை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இன்னொரு கணக்கு. நல்ல தெளிவில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் ஒன்றிலிருந்து மூன்று ஜி.பி. வரை கரையும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. என்று வாங்கியிருக்கிற போனை வைத்து ஒரு முழுப் படம் பார்க்க முடியுமா? இடைவேளையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டுக்குக் கம்பி இணைப்பு வாங்கலாம் என்பீர்கள். வாங்கினால் மறுபடியும் மாதச் சந்தா! முன்வாசல் வழியே அனுப்பின ஆளைக் கொல்லைப்புறம் வழியே கூப்பிட்டு உட்கார வைக்கிறீர்கள்.

டிஷ்ஷுக்கு வருகிறேன். 2004 டிசம்பரில் பிரசார் பாரதி தொடங்கியது; இன்றைக்கு டி.டி. ஃப்ரீ டிஷ் என்று பெயர். டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் ஒரே தடவை வாங்கினால் சரி. மாதப் பணம் கிடையாது. செயற்கைக்கோள் பூமிக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டரில் நிற்கிறது. நமக்குத் தென்கிழக்கே, வானத்தில் நல்ல உயரத்தில். ஆகவே எதிரே மலை நிற்கிறதே என்று பெரும்பாலும் கவலைப்பட வேண்டாம். வாசலில் மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரம் மறைக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மாட்டுங்கள். பழைய ஆன்டெனாவை எடுத்துத் துடைக்காதீர்கள். தரைவழி ஒளிபரப்பு நிலையங்களில் பெரும்பாலானவை 2022-க்குள் மூடப்பட்டுவிட்டன. ஆனால் பழைய டி.வி.யைத் தூக்கிப் போடாதீர்கள். 2006-ல் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய அந்தப் பெட்டி ஓடுகிற நிலையில் இருந்தால், மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் சொருகுகிற பாக்ஸாகப் பார்த்து வாங்கினால் போதும்.

"கிரிக்கெட் வருமா?" என்று ஒரு பெரியவர் முன்வரிசையிலிருந்து கேட்கிறார். 2007-ல் ஒரு சட்டம் வந்தது ஐயா. நாட்டுக்கு முக்கியம் என்று அறிவிக்கிற போட்டிகளைத் தூர்தர்ஷனோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அதனால் அப்படிப்பட்ட ஆட்டங்கள் இலவச டிஷ்ஷிலே வரும். எல்லா ஆட்டமும் வராது.

குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எதிரணி சொல்லிவிடும். நீங்கள் பார்த்துப் பழகிய கட்டணச் சேனல் எல்லாம் இதில் கிடைக்காது. வழக்கமாகப் பார்க்கிற நெடுந்தொடர் விட்டுப்போகலாம். அடைமழை பிடித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். வானத்திலிருந்து வருகிற அலையை மழைத்துளி விழுங்கிவிடுகிறது. மழை விட்டால் படம் தானாக வந்துவிடும். போன கரண்டுகூட அப்படித் தானாக வராது! (சிரிப்பு)

இணையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 நவம்பரில் பிரசார் பாரதியே 'வேவ்ஸ்' என்று இணையத்தில் கடை போட்டுவிட்டது. பேரன் லீவுக்கு வந்தால் தன் போனிலிருந்து டி.வி.யில் போட்டுக் காட்டட்டும். அது விருந்து. விருந்து வந்தால் வரட்டும். அன்றாடச் சோறு அடுப்பில் இருக்க வேண்டுமே! அந்தச் சோறுதான் டிஷ்.

முடிக்கிறேன் நடுவர் அவர்களே, மணியில் கை வைக்க வேண்டாம். (சிரிப்பு) கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு அளவுகோல் சொல்கிறேன். எத்தனை அங்குலம் என்று கேட்காதீர்கள். எத்தனை ஆப் என்று கேட்காதீர்கள். "நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, வீட்டில் தனியாக இருக்கிற அப்பாயி, யாரையும் கூப்பிடாமல் இதைப் போட முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் வாங்குங்கள். முடியாது என்றால், அது எவ்வளவு பெரிய டி.வி.யாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு அது சுவரில் மாட்டின கறுப்புக் கண்ணாடிதான்.

யானையை அடித்த அம்பு உடும்பு வரைக்கும் போனது. வீட்டுக்கு வாங்குகிற பொருளும் கடைசி ஆள் வரைக்கும் போக வேண்டும். போகிற பொருள் டிஷ்ஷே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)