கொழும்பு எங்கே போயிற்று?



லினக்ஸில் நாம் எழுதிய மென்பொருளொன்றைப் பழைய மக் கணினிக்கு மாற்றினோம். ஊர்ப் பெயரிட்ட கோப்புகளைப் பட்டியலோடு ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாதவற்றை அழிப்பது அதன் வேலை. யாழ்ப்பாணம் தப்பியது, கொழும்பு அழிந்தது! பிரதியொன்று இருந்தபடியால் பிழைத்தோம்.

யுனிக்கோட்டில் ஒகரக் குறிக்குத் தனி எண் உண்டு. கொம்பும் அரவுமாகப் பிரித்தும் எழுதலாம். லினக்ஸ் கொடுத்த பெயரைக் கொடுத்தபடியே வைக்கும். அந்த மக்கின் எச்.எவ்.எஸ். பிளஸ் கோப்புமுறையோ பிரித்தே வைக்கும். எனவே 'கொ' யுடிஎவ்-8 முறையில் அங்கே 6 பைற்று, இங்கே 9. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கு வேறு. 'யா'விலே பிரிக்க ஏதுமில்லை.

பைற்றுகளை நேரே ஒப்பிட்டது நமது பிழைதான். இருபுறப் பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்து ஒப்பிட்ட பின்பே கொழும்பு நிலைத்தது.