வீடியோவுக்கு உங்கள் வீட்டு வயர் தெரியாது
(பள்ளிவாசல்துறைக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தென்னந்தோட்டத்தில் வேலை முடிந்து வந்து, போனில் யூடியூப் பார்த்து ஃபேனும் பல்பும் திருத்தப் பழகும் பிள்ளைகள் நம்மிடையே கூடி வருகிறார்கள். பெரியவர்கள் ஏச வேண்டாம். 2022 ஞாபகம் இருக்கிறதல்லவா? பக்கத்து நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலையம் நிற்க, மார்ச் கடைசியில் நாடெங்கும் 13 மணித்தியால மின்வெட்டு. ரூபாயும் விழுந்தது, சாமான் விலை ஏறியது. அப்படியான காலத்தில் மெதுவாகச் சுற்றும் சீலிங் ஃபேனுக்கு ஒரு கெப்பாசிட்டர் மாற்றத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு எவ்வளவு உதவி!

ஆனால் வீடியோ காட்டுகிறவருக்கு உங்கள் வீட்டு வயர் தெரியாது. நமக்கு வருவது 230 வோல்ட், அமெரிக்காவில் 120. அங்கே கறுப்பு வயரில்தான் கரண்ட் இருக்கும். இங்கே பழைய வயரிங்கில் சிவப்பில் கரண்ட், கறுப்பு நியூட்ரல். புதியதில் மண்ணிறத்தில் கரண்ட், நீலம் நியூட்ரல். நம் லயக் காம்பிராக்களிலோ பல கை பட்ட வயரிங். நிறத்தை நம்பவே வேண்டாம். மெயின் சுவிட்சை இறக்குங்கள், டெஸ்டர் வைத்துப் பாருங்கள், பிறகு கை வையுங்கள்.

எல்.இ.டி. பல்ப் திருத்தும் வீடியோதான் எல்லோரும் பார்ப்பது. கறுப்புப் புள்ளி விழுந்த சின்ன விளக்கை ஈயத்தால் இணைத்ததும் பல்ப் எரிகிறது. உண்மைதான். ஆனால் மலிவான பல்புகள் பலவற்றில் உள் சர்க்கிட் நேரே மெயின் கரண்டோடு சேர்ந்திருக்கும். மூடியில்லாமல் எரியவிட்டு அந்தத் தட்டைத் தொட்டால், மெயின் வயரைத் தொட்டது போலத்தான். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கலாம்.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றி நேராகக் கொடுக்கச் சொல்கிறவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். உப்பிய போன் பேட்டரியைக் குத்தவோ நெளிக்கவோ வேண்டாம். மைக்ரோவேவ், பழைய பெட்டி டி.வி. பக்கம் பழகும் பிள்ளைகள் போகவே கூடாது.

அப்படியானால் எதில் தொடங்குவது? டோர்ச், றேடியோ, ரிமோட். எல்லாம் பேட்டரிச் சாமான், உயிருக்கு மோசமில்லை. இந்தக் கரையில் உப்புக் காற்றுதான் பாதிப் பழுதுக்குக் காரணம் என்பது என் கணக்கு. பேட்டரி தொடும் தகட்டில் பச்சையாகப் பிடித்திருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். பல சாமான்கள் அதிலேயே உயிர் பெறும்.

இன்னொன்று. தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள், அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. தகைமை வழங்கும் முறை பற்றித் தொழிற் பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள். அதற்கு அனுபவத்தின் ஆதாரம் வேண்டும். என்ன சாமான், என்ன பழுது, எதை மாற்றினேன் என்று இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்.

கிளைக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கும் யோசனையை அடுத்த செயற்குழுவில் வைக்கிறேன். ஆதரவு தாருங்கள்.