டிரங்குப் பெட்டிக்குள் இருந்த காகிதம்
(பழைய மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் என்ன பேசப்போகிறேன் என்று செயலாளரிடம் சொன்னதும், "ஏம்ப்பா, சாப்பாட்டுக்கு முன்னாடி இதுவா?" என்று கேட்டார். பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், பாயசம் ஆறினாலும் நன்றாகத்தான் இருக்கும்.

நான் பழவேற்காட்டுக்காரன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஹாஸ்டலுக்கு நான் கொண்டுவந்த கருவாட்டு வாசனையை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் ஊர் டச்சுக்காரர் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு நிற்கும். அதற்கு எதிரேதான் நாங்கள் பம்பரம் விட்டோம். சாவைப் பார்த்து எங்களுக்கு ஒன்றும் பயமில்லை. ஆனால் அதைப்பற்றி வீட்டில் வாயைத் திறந்தால், "விளக்கு வைக்கிற நேரத்தில என்னடா பேச்சு"ன்னு அடி விழும்.

ஏரியில் எங்களுக்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இது பேர்பெற்றது. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துத் தீர்மானித்துவிடுவார்கள். இன்று யார் பாடு என்று கேட்டால் சின்னப் பையன்கூடச் சொல்லுவான். தண்ணீரில் அத்தனை ஒழுங்கு! ஆனால் 2016-ல் எங்கள் நைனாவுக்குப் பக்கவாதம் வந்து சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அவருக்கு என்ன வேண்டும் என்று டாக்டர் கேட்டதற்கு மூன்று பேரிடம் மூன்று பதில் இருந்தது.

"வலை பின்னும்போது சொல்லியிருக்காரு, என்னை மிஷின்ல கட்டிப்போட்டு வைக்காதீங்கன்னு" என்றார் அம்மா. "அது சும்மா சொன்னது" என்றான் அண்ணன். "நாளைக்கு ஊரு என்ன பேசும், காசுக்குப் பார்த்துக்கிட்டு அப்பனை விட்டுட்டான்னு பேசாதா?" நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். பதினேழு நாள் வென்டிலேட்டர். பிழைக்க வழியில்லை என்று நான்காம் நாளே டாக்டர் சொல்லிவிட்டார். படகு எஞ்சின் போயிற்று, அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. நானும் அண்ணனும் மூன்று வருஷம் பேசிக்கொள்ளவில்லை. எஞ்சினைப்பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்தப் பதினேழு நாளும் நைனாவின் கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள், அதைத்தான் மறக்க முடியவில்லை.

அப்போது இதற்குத் தெளிவான சட்டவழி கிடையாது. மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973-ல் தாக்கப்பட்டு, 2015-ல் இறக்கும்வரை நினைவற்றே கிடந்தார். அவர் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் கதவைத் திறந்தது, ஆனால் ஒவ்வொருவருக்கும் உயர் நீதிமன்றம் போக வேண்டும் என்றது. 2018 மார்ச் 9-ம் தேதி, காமன் காஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, கண்ணியமாக இறப்பதும் உரிமைதான், அதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றதால் எழுதினவர் அபூர்வம். 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் இருந்தால் போதும்.

அந்த வருஷமே அம்மாவைப் பொன்னேரிக்குக் கூட்டிப்போய் எழுதினோம். அம்மாவுக்குக் கைநாட்டுத்தான், அதனால் தமிழில் எழுதி இரண்டு தடவை படித்துக் காட்டினோம். அம்மாவால் பேச முடியாமல் போனால் அம்மாவுக்காகப் பேசுபவர்கள் என்று அண்ணன் பெயரையும் என் பெயரையும் போட்டோம். பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் இருக்கிற டிரங்குப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டினோம். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

2024 மழைக்காலத்தில் ஒரு ராத்திரி அம்மாவுக்கு மூச்சு முட்டியது. அண்ணன் கடலில், பெட்டிச் சாவி அவன் அரைஞாணில். நான் சென்னையில் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறேன். 108-ல் ஏற்றிக்கொண்டு போனது அண்ணி. "இவங்க ஏதாவது எழுதி வெச்சிருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "ஏதோ பேப்பர் இருக்குங்க, என்னன்னு தெரியாதுங்க" என்று அழுதிருக்கிறார். பத்திரம் என்று நாம் நினைப்பதும் காகிதம் பயன்படுவதும் வேறுவேறு விஷயம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நல்லவேளை, அது நிமோனியா. மருந்திலேயே சரியாகி ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்து, மடவை மீன் குழம்பில் உப்பு பத்தவில்லை என்று அண்ணியிடம் குறை சொன்னார். அந்தக் காகிதம் டாக்டர் கையில் இருந்திருந்தாலும் வைத்தியத்தை நிறுத்தியிருக்க மாட்டார்கள். குணமாகக்கூடிய நோய்க்கு அது தடையே இல்லை. நோயாளி தானே முடிவு சொல்ல முடியாத நிலையில், பிழைக்க வழியில்லாதபோதுதான் அதற்கு வேலை. அப்போதும் முதலில் ஒரு மருத்துவர் குழு, அதன் மேல் இன்னொரு குழு பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கையெழுத்துப் போட்டால் சாகவிட்டு விடுவார்கள் என்ற பயம் என் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் இருக்கிறது, அதனால்தான் இதை நீட்டிச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த அம்மா சொன்னது எனக்கு ஆச்சரியம். "மூஞ்சில ஒரு மூடி கட்டினாங்களே, அது பரவால்லடா, சுகமாத்தான் இருந்தது. தொண்டைக்குள்ள விடறாங்களே, அதுதான் வேணாம்." முதல் காகிதத்தில் மூச்சுக்கு எந்த மிஷினும் வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தோம்! அனுபவம் வந்தால் மனசு மாறும், மாறினால் எழுத்தும் மாற வேண்டாமா? எப்போது வேண்டுமானாலும் எழுத்துமூலம் மாற்றலாம், ரத்து செய்யலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியாகக் கையெழுத்தானதுதான் செல்லும்.

2025-ல் புதிதாக எழுதினோம். அண்ணி பெயரைச் சேர்த்தோம். ராத்திரி இரண்டு மணிக்குக் கூட ஓடுகிறவர் யாரோ அவர் பெயர்தானே வேண்டும்? கடைசி நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து ஏரிக்காற்று வருகிற திண்ணையில் போட வேண்டும் என்பதையும் அம்மா எழுதச் சொன்னார். பழைய பிரதிகளைத் தேடிப்பிடித்துக் குறுக்கே கோடு போட்டேன். ஒரு ஜெராக்ஸ் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம், ஒன்று அண்ணியிடம் மருந்துச் சீட்டுப் பையில், எல்லோர் போனிலும் ஒரு போட்டோ. டிஜிட்டல் மருத்துவப் பதிவு வைத்திருப்பவர்கள் அதிலும் சேர்க்கலாம்.

உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒரு பிரதி தர வேண்டும், அதைக் காப்பதற்கு ஓர் அதிகாரியை அவர்கள் நியமிக்க வேண்டும் என்பது தீர்ப்பு. எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்து என்றால் பாடு பிரிக்கிற ஊர்ப் பஞ்சாயத்தைத்தான் நினைப்பார்கள், இது அரசாங்க ஊராட்சி. நான் போன அலுவலகத்தில் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்ன சார், உயிலா?" என்றார்கள். தீர்ப்பின் நகலைக் காட்டி, மூன்றாம் முறை போனபோது ஒப்புகை வாங்கினேன்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் வீடு வெள்ளையடிக்கும்போது அந்தக் காகிதத்தை எடுத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறோம். போன பொங்கலுக்கு, "அப்படியே இருக்கட்டும், திண்ணையில பாய் மட்டும் புதுசா போடுங்க" என்றார்.

நம் வகுப்பில் வக்கீல்கள் நான்கு பேர், அதில் ஒருவர் நோட்டரி. அவர் மதியம் மாடிப்படி அருகே மேஜை போட்டு உட்காரச் சம்மதித்திருக்கிறார். மாதிரிப் படிவம் தமிழில் நாற்பது பிரதி கொண்டுவந்திருக்கிறேன். சாட்சிக்கு ஆள் பஞ்சமில்லை. ஆனால் இன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய், யார் பெயரை எழுதப் போகிறீர்களோ அவரிடம் முதலில் பேசுங்கள். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.