கணவாயில் நின்ற வண்டி



கொழும்பிலிருந்து கண்டிக்கு வருவோர் கடுகண்ணாவைக் கணவாயை ஏறி முடித்ததும், டோசன் கோபுரத்தின் அருகே சற்றே இளைப்பாறுவதுண்டு. அப்பாதையை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக 1832 இல் எழுப்பப்பட்ட கோபுரம் அது. அங்கேதான் என் மைத்துனரின் பழைய ஸ்போட்ஸ் கார் ஒரு நண்பகலில் எங்களைக் கைவிட்டது.

அவருடைய தாயாருக்குக் கண்டியில் அன்று சத்திரசிகிச்சை. ஏற்றத்தில் சூடேறிய இயந்திரம் ஆறட்டும் என்று பத்து நிமிடம் நிறுத்தினோம். பின்னர் சாவியைத் திருப்பினால் இயந்திரம் சுழன்றதேயன்றிக் கிளம்பவில்லை. பற்றரி சோரும்வரை முயன்று, இறுதியில் பஸ்ஸேறிப் போய்ச் சேர்ந்தோம். தாயார் நலமடைந்தார். ஆயினும், சிகிச்சைக்குமுன் மகன் முகத்தைக் காண வேண்டுமென்ற அவருடைய விருப்பம் நிறைவேறவில்லை.

அதற்கு முன்னரே அவ்வண்டி மும்முறை கராஜுக்குப் போயிருந்தது. கொயிலை மாற்றினார்கள்; பிளக்குகளை மாற்றினார்கள்; பற்றரியையும் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் மறுநாட் காலையில் வண்டி உடனே கிளம்பிற்று. குறை தீர்ந்ததென்றே நம்பினோம். சூட்டில் மட்டும் தோன்றும் குறையைக் குளிர்ந்த வேளையில் தேடியதே எங்கள் பிழை.

கலைப்பட்டதாரியான நான் இதனைக் கேட்டும் படித்தும் அறிந்தேன். பெற்றோல் பல திரவங்களின் கலவை. அவற்றுள் இலேசானவை ஏறத்தாழ 40 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கும். வண்டி ஓடும்போது காற்றும், சுற்றிவரும் நீரும் வெப்பத்தை அகற்றுகின்றன. நிறுத்தியதும் அவ்விரண்டும் நின்றுவிட, இயந்திரத்தின் வெப்பம் மூடிய பொனற்றுக்குள் தேங்குகிறது. ஆகவே, நிறுத்திய சில நிமிடங்களில் அங்கே சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது! பழைய பிரித்தானிய ஸ்போட்ஸ் கார்கள் பலவற்றில் காபரேற்றரும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில் நெருங்கியிருப்பதால் இத்தொல்லை மிகுதி.

இவ்வெப்பம் இருவகை நோயை உண்டாக்கும். குழாயிலுள்ள பெற்றோல் ஆவியாகி வழியை அடைத்தால், இயந்திரம் பட்டினி கிடக்கும். காபரேற்றரிலுள்ள பெற்றோல் கொதித்து வழிந்தால், இயந்திரம் அளவுக்கு மிஞ்சி உண்டு திணறும். வெளித்தோற்றம் ஒன்று; காரணங்களோ நேர்மாறானவை. வகுப்பில் வாய் திறவாத இரு மாணவரில் ஒருவன் பாடம் அறியாதவனாகவும், மற்றவன் அறிந்தும் அஞ்சுபவனாகவும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே தண்டனை விதித்த ஆசிரியரை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு, வேண்டுமென்றே அதே ஏற்றத்தை ஏறி, அதே பத்து நிமிடம் நிறுத்தினோம். வண்டி கிளம்ப மறுத்தது. இம்முறை எங்களுக்கு அது மகிழ்ச்சியே! பொனற்றைத் திறந்தோம். பெற்றோல் மணம் இல்லை. கழற்றிய பிளக் உலர்ந்திருந்தது. மின்சாரப் பம்பு, தள்ளுவதற்குத் திரவம் கிடைக்காமல் படபடவென ஓயாது அடித்தது. பட்டினி என்பது உறுதியாயிற்று. புகைக்குழாயில் படாதபடி, பெற்றோல் குழாயின்மேல் மட்டும் ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருந்தோம். சிறிது நேரத்தில் வண்டி கிளம்பிற்று. அக்குழாய் புகைக்குழாயை ஏறக்குறைய உரசிக்கொண்டு சென்றதே காரணம். அதனை விலக்கி அமைத்து, இடையே ஒரு வெப்பத் தகடும் பொருத்தினோம். மாற்றிய பொருள்களுக்கு ஆன செலவில் இது ஒரு சிறு பங்கே.

பிளக் நனைந்து, மணமும் வீசியிருந்தால் மருந்து வேறு. அப்போது பொனற்றைத் திறந்து சற்று ஆறவிட்டு, அக்சிலரேற்றரை முழுதும் மிதித்தபடி இயந்திரத்தைச் சுழற்றி, மிகுந்த பெற்றோலை வெளியேற்ற வேண்டும். எந்நிலையிலும் சூடான இயந்திரத்தில் பெற்றோல் ஊற்றாதீர்கள். அருகில் சிகரெட் பற்றவைக்க எவரையும் விடாதீர்கள். வழிப்போக்கர் சொல்லும் அவ்வகை யோசனைகளால் வண்டி தீப்பற்றக்கூடும்.

இக்காலக் கார்களில் பம்பு தாங்கிக்குள்ளேயே அமைந்து, பெற்றோலை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துவதால், இக்குறை அரிது. எனினும் கண்டி மலைச்சாலைகளில் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றை உடையோர், எதையும் மாற்றுமுன், குறை தோன்றும் வேளையிலேயே அதனைப் பார்க்க வேண்டுகிறேன். அதை நாங்கள் ஒரு வாரம் முன்னதாகச் செய்திருந்தால், ஒரு தாய் தன் மகனைக் கண்டபின் சிகிச்சைக்குச் சென்றிருப்பார்.