சம்பளச் சீட்டும் சலுகைத் திட்டமும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கிய அமைப்பு நடத்தும் நினைவுச் சொற்பொழிவில் ஊதியக்குழு, பட்ஜெட் என்றெல்லாம் பேசப் போகிறேன் என்றதும் அமைப்புத் தோழர் ஒருவர், 'கவிதை பற்றி ஏதாவது உண்டா?' என்று கேட்டார். இல்லை. ஆனால் யாருடைய நினைவாக நாம் கூடியிருக்கிறோமோ அந்த ஐயா, படிப்பு வட்டத்துக்கு வரும் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது 'வீட்டில் என்ன வருமானம்?' என்பதுதான். அதைத் தெரிந்துகொண்ட பிறகே புத்தகத்தைக் கொடுப்பார். அந்தக் கேள்வியிலிருந்தே நானும் தொடங்குகிறேன்.

என் அம்மா ஒரு நகராட்சியில் நிரந்தரத் துப்புரவுப் பணியாளராக இருந்தார். சம்பளச் சீட்டுகளை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுத் தகரப் பெட்டியில் வைத்திருப்பார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எந்த மாதத்திலிருந்து எந்த எண் கூடியது என்று விரல் வைத்துக் காட்டுவார். நான் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்தபோது அந்தச் சீட்டைக் காட்டித்தான் ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினார். என் படிப்புக்கு ஜாமீன் நின்றது அந்த ஒரு துண்டுத் தாள்.

இன்று என் சித்தி மகள் அதே ஊரில் அதே தெருக்களைக் கூட்டுகிறாள். அவள் ஒப்பந்ததாரரின் ஆள். சம்பளச் சீட்டு கிடையாது. பி.எஃப். பிடிக்கிறார்கள், எங்கே கட்டுகிறார்கள் என்று தெரியாது. மகளைக் கல்லூரியில் சேர்க்கக் கடன் கேட்டுப் போனாள். வருமானச் சான்றாகச் சம்பளச் சீட்டு கேட்டார்கள். கடைசியில் வட்டிக்காரரிடம் போனாள். அதே சமயம் அவளுக்கு அரசிடமிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வருகிறது. பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போகிறாள். பிள்ளைகள் பள்ளியில் சாப்பிட்டார்கள். இவையெல்லாம் அவளுக்கு உதவுகின்றன. இவற்றை 'இலவசம்' என்று ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உறவில்லை. என் கேள்வி வேறு. அம்மாவுக்குச் சம்பளமாக வந்தது, தங்கைக்கு ஏன் சலுகையாக மட்டும் வருகிறது? ஒரு தலைமுறைக்குள் இது எப்படி நடந்தது?

அரசின் கணக்கைப் படிப்பது நமக்குப் புதிய வேலை இல்லை. பாபாசாகேப் அம்பேத்கர் சட்ட மேதை என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே அவர் பொது நிதி ஆய்வாளர். கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காக அவர் எழுதிய ஆய்வு, பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றியது. 1925இல் நூலாக வந்தது. வரி யாரிடமிருந்து வருகிறது, யாருக்காகச் செலவாகிறது என்ற கேள்வியோடு பொதுவாழ்வுக்கு வந்தவர் அவர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்ததும் அவர்தான். நம் மேடைகளில் அந்த அம்பேத்கரைக் குறைவாகவே பேசுகிறோம்.

இனி ஊதியக்குழுக்களுக்கு வருவோம். ஆறாவது மத்திய ஊதியக்குழு 2008இல் அறிக்கை கொடுத்தது. சம்பள உயர்வு பற்றி எல்லோரும் பேசினார்கள். அதே அறிக்கை குரூப் 'டி' என்ற கடைநிலைப் பிரிவையே எடுத்துவிடச் சொன்னது. ஏற்கெனவே இருந்தவர்களைப் பயிற்சி கொடுத்து குரூப் 'சி'க்கு உயர்த்தச் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடைநிலைக்குப் புதிதாக ஆள் எடுப்பது நின்றது. கூட்டுவதும், சுமப்பதும், காவல் காப்பதும் வெளிமுகமைக்குப் போயின. இதற்குப் பல ஆண்டுகளாகப் போட்டு வந்த பாதை அது. 1990களின் ஐந்தாவது ஊதியக்குழுவே ஊழியர் எண்ணிக்கையை 30 சதவீதம் குறைக்கச் சொல்லியிருந்தது.

குறைந்தது யாருடைய இடம்? அரசுப் பணிக்குள் நம் மக்கள் அதிகமாக நுழைந்த வாசல் கடைநிலைதான். அந்த வாசல் அவமானத்தோடு கூடியது, உண்மை. ஆனால் அதற்குள் நிரந்தரம், ஓய்வூதியம், மருத்துவச் செலவு, இறந்தால் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை எல்லாம் இருந்தன. அரசியலமைப்பின் 16(4) பிரிவு அரசுப் பணிக்கே இட ஒதுக்கீடு தருகிறது. ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கு அது பொருந்தாது. இட ஒதுக்கீட்டை யாரும் ரத்து செய்யவில்லை. அது நிற்கும் தரையை உருவிவிட்டார்கள். நாம் சதவீதத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, எதன் சதவீதம் என்ற அந்த 'எது' சுருங்கிக்கொண்டிருந்தது.

வேலை சாதியை விட்டுப் போனதா என்றால் அதுவும் இல்லை. கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க் தொழிலாளர்களை ஒன்றிய அரசு அண்மையில் கணக்கெடுத்தது. 2024இல் வெளியான விவரப்படி, பதிவான சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 சதவீதம் பட்டியல் சாதியினர். முதலாளி மாறினார், சம்பளம் குறைந்தது, சாதி மட்டும் இடம் மாறவில்லை.

2025 ஆகஸ்டில் சென்னையில் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். உங்களில் சிலர் அங்கேயே இருந்தீர்கள். மாநகராட்சியின் 15 மண்டலங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே தனியாரிடம் போய்விட்டன. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் கொடுப்பதை எதிர்த்து ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். சுமார் 23,000 ரூபாயாக இருந்த தங்கள் சம்பளம் 16,000 சொச்சமாகிவிடும் என்றார்கள். அது அனுமதிக்கப்பட்ட போராட்ட இடம் அல்ல என்று வழக்கு வந்தது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். மறுநாளே அமைச்சரவை கூடி தூய்மைப் பணியாளர்களுக்குத் திட்டங்களை அறிவித்தது. காலை உணவு, காப்பீடு, வீடு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி.

அந்த இரண்டு நாட்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கேட்டது வேலைப் பாதுகாப்பு, கிடைத்தது காலை உணவு. இட்லியை நான் குறை சொல்லவில்லை. விடியுமுன் வெறும் வயிற்றோடு போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் மாதம் ஆறேழாயிரம் ரூபாய் சம்பளத்தில் குறைந்தால், ஆண்டுக்கு எழுபது, எண்பதாயிரம் ரூபாய். எந்தச் சலுகையும் அதை ஈடுகட்டாது. சம்பளத்தை நீதிமன்றத்தில் கேட்கலாம். சலுகையைக் கோரிக்கை மனுவில்தான் கேட்க முடியும். உரிமையாளராக இருந்தவர் பயனாளியாக மாறுவது இப்படித்தான்.

அந்த மண்டலத்தின் பெயருக்குரிய திரு.வி.க., 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். அங்கே இருக்கும் புளியந்தோப்பில்தான் 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தம் சாதிக் கலவரமாக மாறி, ஆதிதிராவிடர்களின் குடிசைகள் எரிந்தன. வேலைநிறுத்தம் என்றால் மற்றவர்களுக்கு ஊர் இருந்தது, சொந்தம் இருந்தது. தினக்கூலியை விட்டால் பட்டினி என்றிருந்த சேரி மக்களின் நிலையைச் சங்கம் கணக்கில் எடுக்கவில்லை. எம்.சி. ராஜா நீதிக்கட்சியை விட்டு விலகியதில் அந்தக் கசப்பும் உண்டு. இன்று நிரந்தர ஊழியர் சங்கங்களுக்கு நான் நினைவூட்ட விரும்புவது இதைத்தான். பழைய ஓய்வூதியத்துக்கு நீங்கள் ஊர்வலம் போகும்போது ஒப்பந்தத் தொழிலாளியின் கோரிக்கை பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? கீழே இருப்பவரை விட்டுவிட்டுக் கட்டிய ஒற்றுமை என்ன ஆகும் என்பதற்குப் புளியந்தோப்பு சாட்சி.

இப்போது பட்ஜெட்டின் அடுத்த பக்கம். 1979-80இல் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் வந்தது. மக்கள்தொகையில் நம் பங்கு எவ்வளவோ, திட்டச் செலவிலும் அவ்வளவு நமக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். ஒதுக்கீடு தாளில் நடந்தது. செலவு? தில்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கு இந்த நிதியிலிருந்து நூற்றுக்கணக்கான கோடி போனதை நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். கர்நாடகத்தில் 2023-24இல் எல்லா மக்களுக்குமான உத்தரவாதத் திட்டங்களுக்கு, பட்டியல் சாதி, பழங்குடி துணைத் திட்ட நிதியிலிருந்து சுமார் 11,000 கோடி ரூபாய் எடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது.

அரசுகள் சொல்லும் பதில்: 'பயனாளிகளில் தலித் பெண்களும் இருக்கிறார்களே, அந்த அளவுக்குத்தானே எடுத்தோம்?' இதை நிதானமாக யோசியுங்கள். எல்லாப் பெண்களுக்கும் பொது நிதியிலிருந்து தொகை வருகிறது. தலித் பெண்ணுக்கு மட்டும் அவளுடைய விடுதிக்கும், சுடுகாட்டுப் பாதைக்கும், நிலத்துக்கும் ஒதுக்கிய பணத்திலிருந்து வருகிறது. பொதுப் பந்தியில் நமக்கு மட்டும் நம் வீட்டு அரிசி. தமிழ்நாடு 2024இல் இந்த நிதிக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. பல ஆண்டுப் போராட்டத்தின் பலன், வரவேற்போம். சட்டம் நிதியைக் காக்குமா என்பது யார் கணக்குக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

'பணத்துக்கு எங்கே போவது?' என்பார்கள். 'சம்பளமும் ஓய்வூதியமும் வருவாயைத் தின்றுவிட்டால் மக்கள் நலத்துக்கு என்ன மிஞ்சும்?' என்பார்கள். இது பொய்க் கேள்வி என்று தட்டிவிட மாட்டேன். மாநிலத்தின் வருவாயில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. ஆனால் 'சம்பளம்' என்று ஒரே சொல்லில் யார் யாரை அடைக்கிறார்கள்? 2017இல் தமிழ்நாடு அறிவித்த ஊதியத் திருத்தத்தில் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 15,700 ரூபாய், அதிகபட்சம் 2,25,000. பதினான்கு மடங்கு. கீழே இருப்பவருக்கும் அகவிலைப்படி உண்டு, ஆண்டுக்கு ஒரு உயர்வு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி அந்த ஏணிக்கே வெளியே நிற்கிறார். மேலே உயர்த்தும்போது யாரும் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பதில்லை. கீழே வரும்போது மட்டும் கஜானா காலியாகிறது. ஒப்பந்ததாரரின் லாபமும் அதே கஜானாவிலிருந்துதான் போகிறது.

சட்டம் முழுக்க நமக்கு எதிராக இல்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தற்காலிக ஊழியர்களுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் சொன்னது. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற 1981ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. இன்னொரு பக்கம், 2006இல் உமாதேவி வழக்குத் தீர்ப்பு முறைப்படி நியமிக்கப்படாதவர்களின் நிரந்தரத்துக்குத் தடை போட்டது. இரண்டையும் படித்துக்கொண்டு பேசினால்தான் அதிகாரியின் மேசை முன் நம் குரல் நிற்கும்.

என் தரப்பில் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று, ஊதியக்குழு கீழிருந்து தொடங்கட்டும். ஒப்பந்த, தொகுப்பூதிய, மதிப்பூதியப் பணியாளர்கள் அனைவரும் அதன் வரம்புக்குள் வரட்டும். 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் உழைக்கும் பெண்களுக்கு ஒன்றிய அரசு இன்றும் 'மதிப்பூதியம்' என்றே கொடுக்கிறது. மதிப்பு வேண்டாம், ஊதியம் கொடுங்கள்.

இரண்டு, ஊரைத் தினமும் கூட்ட வேண்டும் என்றால் அது நிரந்தர வேலை. அதற்குக் காலமுறை ஊதியம் வேண்டும். அதுவரை உள்ளாட்சி அமைப்பே நேரடியாக வங்கிக் கணக்கில் சம்பளத்தைப் போட்டு, மாதா மாதம் சீட்டும் கொடுக்கட்டும்.

மூன்று, எல்லோருக்குமான திட்டத்துக்குப் பொது நிதி. துணைத் திட்ட நிதி, நம் மக்களுக்கென்றே தீட்டிய திட்டத்துக்கு மட்டும்.

நான்கு, வெளிமுகமைக்குக் கொடுத்த ஒவ்வொரு பணியிடத்தாலும் எத்தனை இட ஒதுக்கீட்டு இடங்கள் போயின என்று ஒவ்வொரு துறையும் கணக்கு வெளியிடட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பட்ஜெட் புத்தகங்கள் நிதித் துறையின் இணையதளத்தில் கிடைக்கின்றன. மானியக் கோரிக்கையில் 789 என்ற சிறுதலைப்பைத் தேடுங்கள். பட்டியல் சாதியினருக்கான செலவு அந்த எண்ணின் கீழ் வரும். பழங்குடியினருக்கு 796. எந்தெந்தத் துறையில் என்னென்ன செலவை அதன் கீழ் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சாலைக்கும் பாலத்துக்கும் அந்த எண் இருந்தால், அது எந்தச் சேரிக்குப் போகிறது என்று கேளுங்கள். அடுத்து, உங்கள் ஊர் உள்ளாட்சியிடம் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். தூய்மைப் பணி ஒப்பந்தத்தில் ஆளுக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறது? கையில் எவ்வளவு வருகிறது என்பதை உங்கள் தெருவைக் கூட்டும் அக்காவிடம் கேளுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அதுவே நல்ல ஆய்வு. ஒரு கதைக்கும் கவிதைக்கும் அதில் இடமிருக்கிறது.

அம்மா இறந்த பிறகு தகரப் பெட்டியைத் திறந்தோம். நகை எதுவும் இல்லை. சீட்டுகள்தான் இருந்தன. சித்தி மகள் ஒன்றை எடுத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, 'பெரியம்மா பேரை அச்சடிச்சுக் கொடுத்திருக்காங்க, பாருங்க' என்றாள். அரசு தன் பெயரை அச்சடித்து, செய்த வேலைக்கு இவ்வளவு தர வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் ஒரு தாள் அவளுக்கு இதுவரை கிடைத்ததில்லை. அதை வாங்கித் தரும் வரைக்கும் நம் வேலை முடியாது.

ஜெய்பீம்.