தைப்பூசப் பாலும் பசுக்கொட்டில் வாழ்வும்

(தைத் திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தைப்பூசத்தைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டபோது சற்றுத் தயங்கினேன். வேலின் சிறப்பையும் காவடியின் தத்துவத்தையும் எடுத்துரைக்க இவ்வூரில் சமயச் சான்றோர் பலர் உளர். நானோ அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் பேச எண்ணுகிறேன். நாம் பால்குடம் எடுக்கிறோம். அந்தப் பால் முன்னொரு காலத்தில் எங்கிருந்து வந்தது, அதைத் தந்த வீடுகளில் ஓர் ஆண்டு எவ்வாறு கழிந்தது என்பதே நான் பேச வந்த பொருள்.

சிராங்கூன் சாலையில் நடப்பவர்கள் தெருப் பெயர்ப் பலகைகளைச் சற்று நின்று படிக்க வேண்டுகிறேன். பஃபலோ சாலை இருக்கிறது. கெர்பாவ் சாலை இருக்கிறது. மலாய் மொழியில் 'கெர்பாவ்' என்றாலும் எருமைதான். 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைப் பட்டி. இந்நாட்டில் பிறந்த எத்தனையோ பேர் தம் பிறப்பிடமாகச் சொல்லிக்கொள்ளும் மகப்பேற்று மருத்துவமனைக்கு அமைந்த பெயர் அது! பெலிலியோஸ் சாலையோ, கல்கத்தாவிலிருந்து வந்து இங்கே கால்நடை வணிகம் நடத்திய யூத வணிகர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ரொச்சோர் ஆற்றை ஒட்டிய ஈர நிலம், தடையின்றி வளரும் புல், அருகிலேயே எள் ஆட்டும் செக்குகளிலிருந்து பிண்ணாக்கு, மாவு ஆலைகளிலிருந்து தவிடு என மாடு வளர்க்க வேண்டியவை யாவும் அங்கே கிடைத்தன. தமிழரும், நாம் பொதுவாக 'பெங்காலிகள்' என்று அழைத்துவந்த வட இந்தியரும் மாட்டுத் தொழிலை நம்பி அங்கே குடியேறினர். நகரம் பெருகப் பெருக, 1930களின் நடுப்பகுதியில் நகராட்சி அந்தத் தொழிலை அங்கிருந்து அகற்றியது. கொட்டில்கள் நகரின் விளிம்பிலிருந்த கம்பங்களுக்குச் சென்றன. பெயர்கள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன.

அவ்வாறு விளிம்புக்குச் சென்ற கொட்டில்களுள் ஒன்று என் பாட்டனாருடையது. பொத்தோங் பாசிரை அடுத்து, காலாங் ஆற்றின் தாழ்நிலத்தில், அத்தாப்புக் கூரை வேய்ந்த வீடு. அதை ஒட்டி ஏழெட்டு மாடுகள் கட்டும் கொட்டில். நான்கு தென்னை, ஒரு முருங்கை, வாழை சில. நான் அதைப் பார்த்தவனல்லன். நான் பிறந்த காலத்தில் அது இல்லாமல் போய்விட்டது. எழுபதைக் கடந்த என் அத்தை சொல்லக் கேட்டதையே இங்குச் சொல்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை தாயாரின் ஊரில், மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில், தமிழ்வழியில் படித்தவன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவங்களையும் ஒப்பித்திருக்கிறேன். அவற்றைக் கண்ணாலும் கண்டிருக்கிறேன். ஐப்பசி அடைமழையில் கொல்லைப்புறம் குளமாகும். தையில் சம்பா அறுவடையாகிக் களம் நிறையும். அறுப்புக்குச் சில நாள் முன்னரே வயலின் ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அது பங்குனி வரை கைச்செலவுக்கு ஆகும். அதன்பின் வெயில். ஆனியிலும் ஆடியிலும் குதிரின் அடி தெரியும். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படுமா, தள்ளிப்போகுமா என்பதே வீட்டில் பேச்சு. அந்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து அப்பா அனுப்பும் பணம்தான் அடுப்பை எரித்தது. ஆக, தை என்றால் நிறைவு, ஆடி என்றால் குறைவு என்பது என் மனத்தில் ஊன்றிய கணக்கு.

சிங்கப்பூருக்கு வந்தபின் அத்தையிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எங்களுக்குத் தைதான் பயம்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் விளங்க எனக்குச் சில காலம் பிடித்தது. தஞ்சைத் தரணிக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் இத்தீவுக்கும் நவம்பரிலிருந்து ஜனவரி வரை பெருமழையைக் கொண்டுவருகிறது. ஆனால் ஜனவரி இறுதியில் அதே காற்று வறண்ட காற்றாக மாறிவிடும். டிசம்பரில் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் இடத்தில், பிப்ரவரியில் ஏறத்தாழ அதன் மூன்றில் ஒரு பங்கே பெய்கிறது. 2014-ஆம் ஆண்டு ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாட்கள் மழையின்றிப் போய், வீடமைப்புப் பேட்டைகளின் புல்வெளிகள் பழுப்பேறிக் கிடந்ததை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். தைப்பூசம் வருவது அனேகமாக இந்தத் திருப்பத்தில்தான். பால் மிகுதியாகத் தேவைப்படும் வேளையில் புல் காயத் தொடங்கும். நல்ல புல் தீர்ந்து லாலாங் மட்டும் எஞ்சும். பசு அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாம்.

எனவே கொட்டில்காரரின் ஆண்டு பங்குனியில் தொடங்கியது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். பங்குனியில் சினைப்பட்டால் மார்கழியில் ஈனும். ஈன்ற முதல் நாட்களின் சீம்பால் அபிஷேகத்துக்கு ஆகாது. அது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு. அதன்பின் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழியும்போது பால் நன்றாக ஏறி நிற்கும். அப்போது தைப்பூசமும் வந்து சேரும். நாம் பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பவர்களைப் பெருமையோடு பேசுகிறோம். அந்த வீடுகளில் பூசத்துக்கான ஏற்பாடு பத்து மாதங்களுக்கு முன்னரே ஆரம்பமாகிவிட்டது!

இடைப்பட்ட மாதங்கள் ஒரே சீராக இருக்கவில்லை. சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடிமழை வரும், புல் தழைக்கும், ஆனால் திருமணங்களைத் தவிரப் பாலுக்குக் கேட்பில்லை. சீனர் வீடுகளில் அக்காலத்தில் பால் வாங்குவோர் குறைவு. காப்பிக்கடைகளிலோ டின் பால். ஆடியில் அம்மன் கோயில் விழாக்கள், புரட்டாசியில் பெருமாள் சனிக்கிழமைகள், அடுத்து நவராத்திரி, தீபாவளிப் பலகாரம் என்று கேட்பு மெல்ல ஏறும். கார்த்திகை பிறந்ததும் மழை. கொட்டிலில் சேறு, குளம்புப் புண், கொசு. தேங்காய் மட்டையில் மூட்டம் போட்டுப் பாட்டியார் இரவெல்லாம் விழித்திருப்பார். பெருமழை நாட்களில் தவ்வு செய்யும் சீனர் வீடுகளிலிருந்து சோயாச் சக்கை வராது. பாட்டனார் மிதிவண்டியில் நனைந்தபடி சென்று ஏற்றிவருவார். மாசியில் விழாக்கள் ஓய்ந்து பால் மிஞ்சும்போது மோர் பெருகும். மோரை யார் விலைக்கு வாங்குவார்?

இவை யாவும் நல்ல ஆண்டின் கணக்கு. 1963 ஏப்ரலிலிருந்து 1964-இன் தொடக்கம் வரை இந்நாட்டில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. கறவைப் பசு ஒன்று நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது லிட்டர் குடிக்கும். எட்டு வயதுச் சிறுமியாயிருந்த அத்தை, பொதுக்குழாயில் வரிசையில் நின்றதைவிட, "மாட்டுக்கா இவ்வளவு தண்ணி?" என்று மற்றவர்கள் கேட்டதைத்தான் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்.

பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றிப் பால்காரர்களை வைத்து எத்தனையோ நகைச்சுவைத் துணுக்குகள் உண்டு. சிரிப்பதற்குக் காரணமும் இருந்தது. அதிகாரிகள் பாலைச் சோதித்ததும் அபராதம் விதித்ததும் உண்மையே. என் பாட்டனார் இந்த ஒன்றில் கண்டிப்பானவர் என்று அத்தை சொல்கிறார். மகள் தகப்பனாரைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அப்போதுதான் அவர் 1978-ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார்.

அவ்வாண்டு டிசம்பர் 2, சனிக்கிழமை. பாயா லேபாரில் அந்த ஒரே நாளில் பதிவான மழை 512.4 மில்லிமீட்டர். ஒரு மாதம் முழுவதும் பெய்வதைவிட மிகுதியான மழை! தீவெங்கும் ஏழு பேர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு அப்புறப்படுத்தப்பட்டனர். கொட்டிலில் ஏழு மாடுகள். அவற்றுள் மூன்று நிறைசினை. தண்ணீர் தொட்டிக்கு மேல் ஏறியதும் பாட்டனார் தும்புக் கயிறுகளை அரிவாளால் அறுத்துவிட்டார். கட்டிக் கிடக்கும் மாடு மூழ்கும், அவிழ்த்துவிட்ட மாடு நீந்தும் என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் கணக்குச் சரியாகவே இருந்தது. இருட்டில் மேட்டுச் சாலைக்கு ஆறு மாடுகள் ஏறிவந்தன. நிறைசினை ஒன்று வரவில்லை. மற்றொன்று நான்கு நாள் கழித்துக் கன்றை வீசிவிட்டது. ஏனையவை மிரட்சியில் மடி வற்றின.

அடுத்த பிப்ரவரித் தைப்பூசத்துக்கு இருபது குடங்களுக்குப் பால் தருவதாக அவர் முன்பணம் வாங்கியிருந்தார். குடத்துக்கு இரண்டு லிட்டர் என்றாலும் நாற்பது லிட்டர் வேண்டும். கொட்டிலில் கிடைத்தது பன்னிரண்டு. முன்பணத்தைத் திருப்பித் தந்துவிடலாம் என்று பாட்டியார் சொன்னார். வெள்ளம் வந்த செய்தி ஊரறிந்தது. யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். பாட்டனார் இசையவில்லை. விரதமிருப்பவர்களிடம் போய்ப் பால் இல்லை என்று சொல்வது எப்படி என்றாராம். அத்தையின் காதுத் தோடுகள் அடகுக்கடைக்குப் போயின. பொங்கோலில் மாடு வைத்திருந்த பெங்காலி ஒருவரிடம் சில்லறை விலைக்கே பால் வாங்கி வந்து, ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலய வாசலில் விடியுமுன் இருபது குடங்களுக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

பாட்டியாரும் ஆண்டுதோறும் பால்குடம் எடுப்பவர். அவ்வாண்டும் எடுத்தார். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை தலையில் சுமந்து நடந்தார். 1968-லிருந்து தைப்பூசம் பொதுவிடுமுறையாக இல்லாததால் வீட்டில் மற்றவர்கள் வேலைக்குப் போய்விட, அத்தை மட்டும் துணைக்குச் சென்றார். வழியில் குடத்தை இறக்கி வைத்தபோது அத்தை உள்ளே பார்த்துவிட்டார். பால் நிறத்தில் தண்ணீர் இருந்தது. ஊரார் குடங்களுக்கு ஊற்றியபின் எஞ்சியது அவ்வளவுதான்! பாட்டியார் சொன்னது ஒரே வாக்கியம்: "வாயைத் திறக்காதே, உங்கப்பாவுக்குத் தெரியக்கூடாது." அதன்பின் அவர் இறக்கும்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

காலாங், சிங்கப்பூர் ஆறுகளைத் தூய்மைப்படுத்தும் பணி 1977-இல் தொடங்கி 1987 வரை நடந்தது. ஆற்றுப்படுகையிலிருந்த பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன, கம்பங்கள் அடுக்குமாடிகளாயின. எங்கள் கொட்டிலும் அவ்வாறே முடிந்தது. அரசாங்க ஊழியன் என்ற முறையில் நான் இதை மறைக்க விரும்பவில்லை: மாட்டுச் சாணம் ஆற்றில் கலந்தது உண்மை, அது நின்றே ஆகவேண்டியிருந்தது. 2008-இல் மெரினா அணைக்கட்டு முடிந்தபின், அதே காலாங் ஆறு நாம் குடிக்கும் நீரின் ஒரு பகுதியாகிவிட்டது. அந்த முடிவை இன்று என் மேசையில் ஒரு கோப்பாக வைத்தாலும் நான் கையொப்பமிடவே செய்வேன்.

இருந்தும் பாட்டனார் ஏழாம் மாடி வீட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, செய்வதற்கு ஒன்றுமின்றி நடைபாதையில் நிற்பாராம். கொட்டிலை இழந்த துயரை அவர் கடைசிவரை விடவில்லை. பாட்டியார் வேறு விதம். அடுக்குமாடிக்கு வந்த முதல் டிசம்பரில் பெருமழை பெய்தபோது, அவர் காலை எட்டு மணி வரை தூங்கினாராம். எழுந்து, "மழையிலேகூடத் தூங்கலாம் போலிருக்கே" என்றாராம். கம்ப வாழ்க்கையை நினைத்து ஏங்கி எழுதப்படும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டியாரின் அந்தத் தூக்கம் நினைவுக்கு வருகிறது. நான் அவர் பக்கம்தான்.

பொங்கல் காலத்தில் லிட்டில் இந்தியாவிற்கு மாடுகளைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டுவது இப்போது வழக்கமாயிருக்கிறது. ஓராண்டு அத்தையை அழைத்துச் சென்றேன். எல்லாரும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அத்தை தடுப்பின் மேல் சாய்ந்து ஒரு பசுவின் விலாவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "ஆறு மாசம். சித்திரையில் போடும்" என்றார். பிறகு, "ஒரு மாதம் முன்னாடியே சேர்த்திருக்கணும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

இந்த மண்டபத்திலும் கொட்டில் வீடுகளில் பிறந்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். பழைய பால் உரிமச்சீட்டோ, ஒரு புகைப்படமோ வீட்டில் இருந்தால் ஆலய அலுவலகத்தில் காட்டுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979-லிருந்து இத்தகைய நினைவுகளைப் பதிவுசெய்து வருகிறது. அத்தை அங்கே பேச இசைந்துவிட்டார். குடத்துக் கதையைச் சொல்வாரா என்று எனக்குத் தெரியாது. இங்கே நான் சொல்வதற்கு மட்டும் அனுமதி தந்தார்.