எல்லைக்கோட்டில் எழுந்த பாட்டு

(சித்தியவான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பக் கலைநிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

இன்று நம் பிள்ளைகள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் விடுதலையைப் போற்றிப் பாடப்போகிறார்கள். "சித்தியவானில் கிடக்கிற நமக்கும் அவர்களுக்கும் என்ன உறவு?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இங்கு வந்து நிற்கிறோம்.

பதில் நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. பெரியவர்கள் சொல்லும் கதையைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு யானைகள் வந்தனவாம். ஒன்று சேற்றில் சிக்கிக்கொண்டது. மற்றது அதை விட்டு அகலவே இல்லை. கண்டவர்கள் மலாயில் 'செத்தியா காவான்' என்றார்கள். உற்ற நண்பன் என்று பொருள். அதுவே சித்தியவான் ஆயிற்று என்பர். அந்தப் பெயரைத் தாங்கிய ஊரில் வாழ்கிற நாம், சேற்றில் சிக்கியவன் எந்த நாட்டான், எந்த நிறத்தான் என்று விசாரித்துக்கொண்டு நிற்கலாமா?

அந்த மக்களின் கதையைச் சற்றுக் கேளுங்கள். 1863-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், போர் தொடுத்திருந்த தென்மாநிலங்களின் அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என்று அதிபர் லிங்கன் அறிவித்தார். ஆனால் டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் நகரில், பட்டாளத்தோடு வந்த தளபதி கிரேஞ்சர் அந்த ஆணையை வெளியிட்டது 1865 ஜூன் 19-ஆம் நாள்தான். இடையில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு! சட்டம் பிறந்துவிட்டது, அதை நிறைவேற்றத்தான் ஆள் இல்லை. எசமானர்களுக்கோ அவசரமில்லை. ஆபீசுக்கு வந்த சட்டம் லயத்துக்கு வந்து சேர எத்தனை நாளாகும் என்பது நமக்குத் தெரியாத சங்கதியா? அந்த ஜூன் 19-ஐ அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாட்டும் பிரார்த்தனையும் விருந்துமாகக் கொண்டாடி வந்தார்கள். அமெரிக்க அரசு அதைத் தேசிய விடுமுறை நாளாக்கியது 2021-இல்தான். அரசு மறந்ததை மக்களின் பாட்டு மறக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் முன்னோரும் அவர்களைப் போலவே அடிமைகள்தாம் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது சரியன்று. அங்கே மனிதனைச் சந்தையில் விற்றார்கள். தாயின் மடியிலிருந்த பிள்ளையையும் விற்றார்கள். நம் பாட்டன் பூட்டன் ஒப்பந்தத்தாலும் கடனாலும் கட்டுண்டு வந்தார்கள். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910-இல் ஒழிந்தது. கங்காணி ஆள் கட்டி வந்த வழியும் 1938-இல் இந்திய அரசு போட்ட தடையால் அடைபட்டது. துன்பம் வேறு வேறு. ஆயினும் உறவு உண்டு. 1834-இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிந்தபோது, கரும்புத் தோட்ட முதலாளிகள் அடுத்த கூலிக்குக் கை நீட்டியது இந்தியாவை நோக்கித்தான். அவர்கள் இறக்கி வைத்த சுமையை நம்மவர் தலையில் ஏற்றினார்கள்.

இப்போது ஒரு பாடகரின் கதைக்கு வருவோம். அவர் பெயர் பால் ரோப்சன். பிறந்தது 1898 ஏப்ரல் 9. அவருடைய தந்தை அடிமையாகப் பிறந்து, பதினைந்து வயதில் தப்பி ஓடியவர். மகனோ கல்லூரியில் முதன்மை பெற்று, சட்டமும் படித்தார். சட்ட அலுவலகத்தில் வெள்ளைக்காரச் சுருக்கெழுத்தாளர், கறுப்பன் சொல்ல நான் எழுதமாட்டேன் என்று மறுத்தார். ரோப்சன் அந்த வேலையை விட்டு நாடக மேடைக்கும் பாட்டுக்கும் வந்தார். உலகமெங்கும் புகழ் பெற்றார். வேல்ஸ் நாட்டு நிலக்கரித் தொழிலாளர்களோடு உறவு பூண்டார். ஆப்பிரிக்காவின் அடிமைத்தளை அறுபட வேண்டும் என்றார். தம் நாட்டில் நிறவெறி ஒழிய வேண்டும் என்று அயல்நாடுகளிலும் பேசினார். சோவியத் நாட்டைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் சரியென்று வாதாட நாம் வரவில்லை. ஆனால் அவருடைய பேச்சுக்காக 1950-இல் அமெரிக்க அரசு அவருடைய கடப்பிதழைப் பிடுங்கிக்கொண்டது. பாடிப் பிழைக்கிறவன் கடல் கடக்க முடியவில்லை. உள்நாட்டிலும் அரங்கங்களின் கதவு அடைபட்டது.

அப்போது யார் வந்தார்கள் தெரியுமா? ஒரு தொழிற்சங்கம் வந்தது! கனடாவின் சுரங்க, உருக்காலைத் தொழிலாளர் சங்கம் 1952-இல் வான்கூவர் மாநாட்டுக்கு அவரை அழைத்தது. எல்லையிலே தடுத்தார்கள். அவர் தொலைபேசி வழியாக மாநாட்டுக்குப் பாடினார். சங்கம் அதோடு விடவில்லை. அதே ஆண்டு மே 18-ஆம் நாள், இரு நாட்டு எல்லையிலுள்ள அமைதி வளைவு என்னும் நினைவுச் சின்னத்தருகே கச்சேரி ஏற்பாடு செய்தது. அமெரிக்க மண்ணில் நிறுத்திய லாரியின் மேல் நின்று ரோப்சன் பாடினார். ஆயிரமாயிரம் பேர் எல்லையின் இருபுறமும் நின்று கேட்டார்கள். மனிதனைத் தடுத்த கோடு குரலைத் தடுக்க முடிந்ததா? இல்லை! 1955 வரை ஆண்டுதோறும் அங்கே அவர் பாடினார்.

இந்தியாவும் அவரை மறக்கவில்லை. 1958-இல் அவருடைய அறுபதாம் பிறந்தநாளைக் கொண்டாட, பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா தலைமையில் குழு அமைந்தது. பிரதமர் நேரு வாழ்த்தினார். அமெரிக்க அதிகாரிகள் அதை நிறுத்திவிட முயன்றார்கள், நேரு இணங்கவில்லை. விழா நடந்தது. விழா நாயகரோ வர வழியில்லாமல் தம் நாட்டிலேயே இருந்தார். அவ்வாண்டு ஜூனில்தான் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம், ஒருவருடைய அரசியல் கருத்தைக் காட்டிக் கடப்பிதழை மறுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. எட்டாண்டுக்குப் பின் ரோப்சன் மீண்டும் கடல் கடந்தார்.

தோழர்களே! ஒரு துண்டுக் காகிதம் மனிதனை எப்படி முடக்கும் என்பது நமக்குப் புதிதன்று. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின், குடியுரிமை இல்லாதார் பெர்மிட்டு இன்றி வேலை செய்ய இயலாமற் போயிற்று. ஆயுளெல்லாம் பால் வெட்டியவர்கள் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றார்கள். ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் இந்நாட்டை விட்டுப் போனார்கள் என்பர். கப்பலேறும் பாட்டியைப் பிரிந்து அழுத குடும்பங்கள் இந்த வட்டாரத்திலும் உண்டு.

இன்று நம் பக்கத்து லயத்தில் இருப்பவர் யார்? ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. நம் பிள்ளைகள் பட்டணம் போய்விட்டார்கள். அந்த லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய கடப்பிதழ் எங்கே இருக்கிறது?

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கிராணி வேலை பார்ப்பவர்கள் நாங்கள். முன்பு ஒரு தோட்டத்தில், கடப்பிதழ்கள் கட்டுக்கட்டாக ஆபீஸ் அலமாரியில் கிடந்தன. 'பத்திரத்துக்காக' என்பது பேச்சு. சாவி எங்கள் கையில். ஒரு நாள் காலை, பெரட்டு முடிந்ததும் ஒரு வங்காளதேசத்து வாலிபன் வந்து நின்றான். ஊரில் தகப்பனார் இறந்துவிட்டார். "புத்தகம் கொடுங்கள்" என்றான். "மேனேஜர் வரட்டும்" என்றோம். மேனேஜர் வர மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் அவன் ஆபீஸ் படிக்கட்டிலே உட்கார்ந்திருந்தான். கேட்டது கடனன்று, முன்பணமன்று, தன் பொருள். கையில் வாங்கியபோது, "இனிப் போய் என்ன செய்ய?" என்றான், மறுபடியும் வேலைக்காட்டுக்கே போனான். அலமாரியைத் திறக்க எங்களுக்கு அரை நிமிடம் போதும். திறக்கவில்லை. எவரும் எங்களைக் கட்டிப் போட்டிருக்கவில்லை; பயந்தோம், அவ்வளவுதான்.

பிறருடைய கடப்பிதழை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது, 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். சட்டம் அன்றே பிறந்துவிட்டது. கால்வெஸ்டனைப் போலவே, லயத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? நாம்தான்.

ஆகவே இரண்டே வேண்டுகோள். கிராணித் தோழர்களே, உங்கள் கையில் அத்தகைய சாவி இருந்தால், நாளைக் காலையே சங்கக் கிளைக்கு வந்து சொல்லுங்கள். உங்களைத் தனியே நிற்க விடாமல், உரியவரிடம் புத்தகத்தை ஒப்படைக்க வைப்பது சங்கத்தின் கடமை. அடுத்து, இந்த மேடை நமக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டாம். அடுத்த ஆண்டு அந்த லயத்துத் தோழர்களும் வந்து தங்கள் மொழியில், தங்கள் ஊர்ப் பாட்டைப் பாடட்டும். பொருள் விளங்காவிட்டாலும் உட்கார்ந்து கேட்போம். எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்று கேட்டார்களே, அந்தத் தொழிலாளர்களைப் போலக் கேட்போம்.

கறுப்பின மக்களின் விடுதலைக்கு நாம் செய்யும் மரியாதை பாட்டோடு முடிந்துவிடக் கூடாது. பாட்டு முடிந்ததும் அலமாரி திறக்க வேண்டும்.

பிள்ளைகளே, மேடை உங்களுடையது. பாடுங்கள்!

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!